விர்ட்டஸ் ஜிடி மேனுவல்: வாரநாளில் சிறுசேரி, டிராக் நாளில் இருங்காட்டுக்கோட்டை

ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டு ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். வாரநாட்களில் பெருங்களத்தூரிலிருந்து சிறுசேரி ஆபீஸுக்கு இதில்தான் போகிறேன். டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் நாள்) வைத்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் இதையேதான் ஓட்டிக்கொண்டு போகிறேன். வீட்டில் வேறு கார் கிடையாது. அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போவதும் இதில்தான். வேகமான காரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரே கார் வைத்திருப்பவருக்கு, எல்லா வேலைக்கும் அதையே எடுக்க வேண்டியவருக்கு இது சரிப்படுமா என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சரிப்படும். ஆனால் கொடுத்த காசின் பெரும்பகுதி எனக்குத் திரும்பக் கிடைப்பது வண்டலூர்-கேளம்பாக்கம் ரோட்டில்தான். டிராக்குக்கு இந்த வண்டியின் எஞ்சின் தாராளமாகப் போதும். பிரேக்குக்கும் டயருக்கும் நீங்கள் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டுக்குமான விளக்கம்தான்.

பழைய ஸ்விஃப்ட் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1.2 லிட்டர் பெட்ரோல், 83 பிஎஸ் பவர், 113 என்எம் டார்க் (இழுவை), எடை 900 கிலோகூட வராது. அந்த எடைதான் அதன் அழகு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பும், பிரேக் தொட்டால் நிற்கும். டிராக்கில் லைன் (வளைவில் போக வேண்டிய சரியான பாதை) எடுக்கவும் பிரேக்கிலிருந்து காலை மெல்ல விடவும் கற்றுக்கொண்டது அதில்தான். குறைந்த பவர் வண்டியில் கற்றுக்கொள்வதுதான் முறை என்று இன்றும் நம்புகிறேன். வளைவில் வேகத்தைத் தொலைத்தால் அடுத்த நேர்பாதை முழுக்க அது திரும்ப வராது. எங்கே தொலைத்தோம் என்று வண்டியே சொல்லிக்கொடுக்கும்.

சிக்கல் ரோட்டில்தான் இருந்தது. அந்த 113 என்எம் முழுசாகக் கிடைக்க எஞ்சின் 4,200 ஆர்பிஎம் போக வேண்டும். கண்டிகை தாண்டி ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் நாற்பதில் மாட்டிக்கொண்டு, வலது பக்கம் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்போது, மூன்றாவது கியருக்கு இறக்கி, சில சமயம் இரண்டுக்கே இறக்கி, எஞ்சின் கத்தக் கத்தத் தாண்ட வேண்டும். ஏசி போட்டு நாலு பேரும் உட்கார்ந்திருந்தால் அந்த முடிவையே எடுக்க முடியாது. தினமும் அப்படி யோசித்து யோசித்து ஓட்டி அலுத்துப்போனதுதான் மாறியதற்கு முதல் காரணம். டிராக் இரண்டாவது காரணம்.

வாங்குவதற்கு முன் பார்த்த மற்ற வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹூண்டாய் ஐ20 என் லைன்: 1 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 2023-லிருந்து முறையான ஆறு கியர் மேனுவலும் உண்டு. சஸ்பென்ஷன் சாதாரண ஐ20-ஐ விட இறுக்கம், ஸ்டீயரிங்குக்கும் தனி டியூனிங். போதாததற்கு, அது உருவாகும் தொழிற்சாலை நம் ரேஸ் டிராக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பட்ஜெட் குறைவென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். அடுத்தது ஸ்கோடா ஸ்லாவியா 1.5. எஞ்சின், கியர்பாக்ஸ், அடிப்படைத் தளம் எல்லாமே விர்ட்டஸோடு ஒன்றுதான். இரண்டில் எதை எடுத்தாலும் தப்பில்லை. நான் கேட்ட மாடல் மேனுவலில் விர்ட்டஸில் சீக்கிரம் கிடைத்தது, அவ்வளவுதான். மூன்றாவது, பழைய ஆக்டேவியா ஆர்எஸ். 2017-ல் 230 பிஎஸ்ஸோடு வந்தது. 2020-ல் 245 பிஎஸ் ஆக்கி இந்தியாவுக்கு 200 வண்டி மட்டும் கொண்டுவந்தார்கள். மனசு அதில்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கார் ஒரு பார்ட்ஸுக்காக வாரக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் என் பிழைப்பு நடக்காது என்று விட்டுவிட்டேன்.

விலை? மேனுவல் ஜிடி ஷோரூம் விலையில் 20 லட்சத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 10-லிருந்து 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம். அதையும் இன்ஷூரன்ஸையும் போட்டால் 20-ஐத் தாண்டிவிடும். கணக்குப் போடும்போது ஷோரூம் விலையை மறந்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். 150 பிஎஸ், 250 என்எம். அந்த 250-ம் 1,600 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது, 3,500 வரை அப்படியே நிற்கிறது. ஸ்விஃப்டில் 4,200-ல் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இழுவை, அதுவும் எஞ்சின் சாதாரணமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்திலேயே. அதே டிப்பர் லாரியை இப்போது நாலாவது கியரிலேயே, லேசாக மிதித்துத் தாண்டுகிறேன். சத்தம் இல்லை, பதற்றம் இல்லை. எதிர்வண்டி தெரிவதற்குள் என் பக்கத்துக்கு வந்துவிடுகிறேன். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறவர் கடைக்குப் போவதைப் போன்ற நிம்மதி அது. செலவழிக்க வேண்டும் என்றில்லை, இருக்கிறது என்று தெரிந்தால் போதும். உண்மையைச் சொன்னால் இந்த வண்டியில் நான் முன்பை விட மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். தாண்ட முடியுமா என்ற சந்தேகம் போன பிறகு, தாண்டியே ஆகவேண்டும் என்ற அவசரமும் போய்விட்டது.

லேசாக மிதித்துப் போகும்போது நாலு சிலிண்டரில் இரண்டை எஞ்சின் தானாக அணைத்துக்கொள்ளும். மீட்டரில் காட்டினால்தான் தெரியும், காலுக்குத் தெரியாது. ஈசிஆரில் எண்பதில் போனால் அடிக்கடி வரும். பாண்டிச்சேரி போய் வந்தால் லிட்டருக்கு 17, 18 கிடைக்கிறது. ஆபீஸ் ஓட்டத்தில் 11, கேளம்பாக்கம் ஜங்ஷனில் நின்று நின்று போகும் நாளில் பத்துக்கும் கீழே. டிராக் நாளில் மைலேஜ் பார்ப்பதே இல்லை.

மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்பவர்களுக்கு: சென்னை டிராஃபிக் மட்டும்தான் உங்கள் வாழ்க்கை என்றால் ஆட்டோமேட்டிக் எடுங்கள். இதில் ஏழு கியர் டிஎஸ்ஜி வருகிறது. உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டும் எண்ணெயில் ஊறாத உலர் வகை. ஊர்ந்து ஊர்ந்து போகும் டிராஃபிக்கிலும், டிராக்கிலும் அப்படிப்பட்ட கிளட்ச் சூடாவதைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அதை விட, வளைவுக்குள் நுழையும்போது எந்த கியரில் இருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற ஆசை. மேனுவலில் கிளட்ச் கனம் இல்லை, ஆனால் அது பிடிக்கும் இடம் பழக சில நாள் ஆகும். பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டிகள் நின்று கிளம்பினால் வண்டி பின்னால் உருளாமல் ஹில் ஹோல்டு பிடித்துக்கொள்கிறது. பின்னால் ஒட்டி நிற்கும் ஆட்டோவைப் பற்றிய பயம் வேண்டாம்.

தினசரி வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது காற்றோட்டமுள்ள முன் சீட்டுகளை. சீட்டுக்குள் விசிறி ஓடும். மே மாதம் மூன்று மணிக்கு ஆபீஸ் பார்க்கிங்கில் வெயிலில் நின்ற வண்டியை எடுத்துப் பாருங்கள், 150 பிஎஸ்ஸை விட இது பெரிசாகத் தெரியும். சஸ்பென்ஷன் ஸ்விஃப்டை விட இறுக்கம்தான், ஆனால் வேகம் கூடக்கூட நன்றாக அமர்ந்துகொள்கிறது. மாம்பாக்கம் பக்கம் இருக்கும் பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர்களில் அடி தட்டியதில்லை. நாலு பேர் ஏறி, டிக்கி நிறைய சாமான் வைத்தால் மட்டும் கொஞ்சம் சாய்த்து ஏற்றுகிறேன். டிக்கி 521 லிட்டர். அம்மாவின் ஊர் மூட்டைகள் எல்லாம் போய், இன்னும் இடம் இருக்கும். பின் சீட்டில் இரண்டு பேர் ராஜா மாதிரி உட்காரலாம். நடுவில் மூன்றாவது ஆள் என்றால் கால் வைக்கும் இடத்தில் மேடு இடிக்கும், அகலமும் போதாது.

இனி டிராக்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கை எனக்கு அறிமுகப்படுத்தியது அப்பா. அவர் எங்கள் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸில் ஃபிட்டராக வேலை பார்த்தவர், ஹெரால்டு கார் உருவான அதே தொழிற்சாலை. இளம் வயதில் சோழவரம் ரேஸுக்கு நண்பர்களோடு பஸ் பிடித்துப் போவார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ் அது, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. 1953-ல் தொடங்கிய அந்த கிளப்தான் பின்னால் இருங்காட்டுக்கோட்டையில் இடம் வாங்கி, நிரந்தரமாக ஒரு டிராக் கட்டி, 1990-ல் திறந்தது. 3.7 கிலோமீட்டர் சுற்று, 12 வளைவு. நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் ஃபார்முலா ஒன் வரை போனது இங்கெல்லாம் ஓட்டி வளர்ந்துதான். ஃபோக்ஸ்வாகன் 2010-களில் போலோ, வென்டோ, ஏமியோ கப் ரேஸ்களை இங்கே நடத்தியது. என் வண்டியின் மூத்த சொந்தங்கள் ஓடிய தார் என்ற சந்தோஷம் எனக்கு உண்டு.

எங்கள் வீட்டிலிருந்து வழி சுலபம். வண்டலூரில் வெளிவட்டச் சாலை பிடித்து நசரத்பேட்டையில் பெங்களூரு ஹைவேயில் சேர்ந்தால், செம்பரம்பாக்கம் தாண்டி சீக்கிரமே வந்துவிடும். விடியற்காலையில் கிளம்பினால் முதல் செஷனுக்குள் டயர் பிரஷர் பார்த்து, டிக்கியைக் காலி செய்து, ஹெல்மெட் சோதனையும் முடித்துவிடலாம். டிசம்பர், ஜனவரியில் போவது வண்டிக்கும் நமக்கும் நல்லது. ஏப்ரலுக்கு மேல் அந்தத் தார் தருகிற சூடு பிரேக்கையும் டயரையும்தான் முதலில் தின்னும்.

போவதற்கு முன் செய்ய வேண்டியதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் இங்கேதான் போக வேண்டும். முதலில் பிரேக் ஆயில். சாதாரண டாட் 4 ரக ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். சென்னை காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் டிராக்குக்குப் போகும் சீசனுக்கு முன் புது டாட் 5.1 மாற்றிவிடுகிறேன். அதற்குக் குறைந்தபட்ச எல்லை 260 டிகிரி. சிலிக்கான் வகையான டாட் 5 வேறு, அதை இதில் ஊற்றக்கூடாது. கடைக்காரரிடம் புள்ளி ஒன்று என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள்.

அடுத்தது பிரேக் பேட். எந்த சாலைக் காரிலும் கம்பெனி தரும் பேட், குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்கவும், சத்தம் போடாமல் இருக்கவும், ரொம்ப நாள் உழைக்கவும் செய்யப்பட்டது. டிராக்கின் தொடர்ச்சியான சூட்டுக்கு அது செய்யப்படவில்லை, இந்த வண்டியுடையதும் அப்படித்தான். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 870 கிலோ ஸ்விஃப்ட் நேர்பாதை முடிவில் 130-ல் வருகிறது என்று வையுங்கள். 1,200 கிலோவைத் தாண்டும் விர்ட்டஸ் அதே இடத்துக்கு 150-ல் வருகிறது. நிறுத்த வேண்டிய ஆற்றல் எடையோடு நேராகவும் வேகத்தோடு வர்க்கமாகவும் கூடும். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவ்வளவும் சூடாக மாறி முன் டிஸ்க்கில்தான் இறங்குகிறது. பின்னால் டிரம் பிரேக்.

அந்தப் பின் டிரம்மைப் பற்றி என் கருத்து: 150 பிஎஸ் கொடுத்து, ஜிடி என்று பெயரும் வைத்த வண்டியில் நாலு டிஸ்க் வைத்திருக்க வேண்டும். முன்சக்கர டிரைவில் பிரேக் வேலையின் பெரும்பங்கு முன்னால்தான் என்பது சரி. ரோட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்பதும் சரி. ஆனால் டிரம் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். இதில் பாதி சக்தியுள்ள வண்டி என்றால் ஏற்கலாம், இதற்கு என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு வேலை செய்து தரும் மெக்கானிக் அண்ணன் முன் பேடை மட்டும் சூடு தாங்கும் ரகத்துக்கு மாற்றிக் கொடுத்தார். காலையில் முதல் இரண்டு சிக்னலில் லேசாகக் கீச்சிடும், வீலில் கறுப்புத் தூசி படியும். தினமும் ஓட்டத் தொந்தரவில்லாத நடுத்தர ரகம்தான் இது. முழு ரேஸ் பேட் போடாதீர்கள். அது சூடாகாமல் பிடிக்காது. ஆபீஸ் போகும்போது குறுக்கே பாயும் பைக்குக்கு முன்னால் அதைச் சூடாக்க நேரம் இருக்காது.

டயர் 205/55 ஆர்16. பதினெட்டு இன்ச் சக்கரம் மாட்டச் சொல்லும் நண்பர்கள் நிறைய. நான் மாட்ட மாட்டேன். இந்த அளவில் நல்ல டயர்கள் நிறையக் கிடைக்கின்றன, தேய்ந்தால் மாற்றப் பயமில்லை, பக்கவாட்டு உயரம் இருப்பதால் நம் ரோட்டுக் குழியில் அலாய் தப்பிக்கும். காலையில் பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் "அக்கா, முப்பத்தி மூணு வைக்கட்டுமா?" என்பான். ரோட்டுக்குச் சரி. டிராக்கில் நாலைந்து சுற்றில் அதே டயர் நாற்பதைத் தொடும். அப்போது நடுப்பகுதி உப்பி, பிடிப்பு குறைந்து, முன்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும். செஷன் முடிந்ததும் சூடாக இருக்கும்போதே கொஞ்சம் காற்றை இறக்கி, வீட்டுக்குக் கிளம்பும்முன் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். கையில் ஒரு நல்ல கேஜ் வைத்திருங்கள்.

ஓட்டும்போது என்ன தெரிகிறது? பிட்டிலிருந்து (டிராக் ஓரம் வண்டிகள் நிற்கும் இடம்) வெளியே வந்து, முதல் சுற்று மெதுவாகப் போய், இரண்டாவது சுற்றில் நேர்பாதையில் மூன்றாவது கியரை இழுத்து நாலுக்கு மாற்றும்போது ஸ்விஃப்டுக்கும் இதற்கும் உள்ள தூரம் முதுகில் தெரியும். சீ1 என்பது அந்த நேர்பாதையின் முடிவில் வரும் வேகமான வலது வளைவு. ஸ்விஃப்டில் அதைப் பற்றி யோசிக்கவே தேவையிருக்கவில்லை, வேகமே அவ்வளவுதான். விர்ட்டஸில் அது ஒரு நிஜமான கேள்வி. ஸ்டீயரிங்கை ஒரே முறை, மென்மையாகத் திருப்பி, திருத்தாமல் பிடித்திருந்தால் நீளமான இந்த உடல் அழகாகச் சாய்ந்து அமர்ந்து கொள்கிறது. அங்கே வண்டி தருகிற நம்பிக்கைக்கு நான் முழு மார்க் போடுவேன். இஎஸ்சியை (வண்டி சறுக்காமல் தானாகப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் வசதி) நான் எப்போதும் ஆனில்தான் வைத்திருக்கிறேன், ஒழுங்காக ஓட்டினால் அது குறுக்கிடுவது அபூர்வம்.

மெதுவான வளைவுகளில் கதை வேறு. 250 என்எம்மும் முன் சக்கரத்துக்கே போகிறது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் மெக்கானிக்கலான லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இல்லை. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அவசரப்பட்டு மிதித்தால் பாரம் குறைந்த உள்சக்கரம் சுழலப் பார்க்கும், எலக்ட்ரானிக்ஸ் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து அடக்கும். வேலை நடக்கும், ஆனால் ஏற்கனவே சூடான முன் பிரேக்குக்கு இன்னும் சூடு. மூக்கும் வெளிப்பக்கமாகத் தள்ளும். இதற்கு மருந்து பொறுமை. இரண்டாவது கியருக்கு இறங்காமல் மூன்றிலேயே விட்டு, ஸ்டீயரிங் நேராக வரவர மிதியை அதிகப்படுத்தினால், 1,600-லேயே இழுக்கும் இந்த எஞ்சின் உங்களைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்துவிடும். கியர் மாற்றமும் குறைவு. ஸ்விஃப்டில் எஞ்சினை எப்போதும் மேலே வைத்திருக்கப் பழகியவர்களுக்கு இது வேறு பாடம்.

ஸ்டீயரிங் துல்லியமானது, ஆனால் டயர் என்ன செய்கிறது என்பதைக் கைக்குக் கொஞ்சமாகத்தான் சொல்கிறது. பிடிப்பு முடியப்போவதை நான் காதால்தான் தெரிந்துகொள்கிறேன். டயர் முதலில் முனகும், அப்புறம் கத்தும். முனகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நாலைந்து வேகமான சுற்று, ஒரு சுற்று மெதுவாக ஓட்டிக் குளிரவைத்தல், உள்ளே வந்துவிடுதல். இந்த வண்டிக்கு அதுதான் சரியான அளவு. ஒருமுறை அப்பா கூட வந்திருந்தார். செஷன் முடிந்து பிட்டில் நிறுத்தியதும் முன் வீலுக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார். "லைனிங் சூடாகிற வாசனைம்மா இது. இறங்காத. இன்னொரு ரவுண்டு பிரேக்கே தொடாம ஓட்டிட்டு வா" என்றார். போய் வந்தேன். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் போட விடவில்லை, முதல் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். சூடான டிரம்மை ஹேண்ட்பிரேக் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த இடம் குளிராது, லைனிங்கும் ஒட்டிக்கொள்ளலாம். ஹெரால்டு காலத்து அறிவு இந்த வண்டிக்கும் அப்படியே பொருந்துகிறது. எழுபது வயதைத் தாண்டிய அவர் அன்று பிட் சுவரில் கையை ஊன்றி, வந்து போகிற ஒவ்வொரு வண்டியின் பிரேக் லைட்டையும் கவனித்துக்கொண்டே நின்றார். டிராக் டேயில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அது.

யாரும் சரியாகச் சொல்லாத ஒன்று இன்ஷூரன்ஸ். நம் ஊரில் தனியார் காருக்கான வழக்கமான பாலிசியில், ஒழுங்குபடுத்தி நடத்தும் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். பாலிசி தாளில் "பயன்பாட்டு வரம்பு" என்று வரும் பகுதியைத் தேடிப் படியுங்கள். டிராக்கில் தகரம் நசுங்கினால் அது உங்கள் காசு. அதைத் தாங்க முடியும் என்ற அளவுக்குள்தான் நான் ஓட்டுகிறேன். பக்கத்து வண்டி கை காட்டி வழிவிட்டால் மட்டுமே தாண்டுவது, நேரம் அளக்காமல் ஓட்டுவது, இரண்டையும் கடைசி வரை விடப்போவதில்லை.

ரீமேப் செய்யச் சொல்லிக் கேட்காத ஆள் இல்லை. இந்த எஞ்சினில் மென்பொருளை மாற்றிக் கணிசமாகப் பவர் கூட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் வாரன்டி போகும். அதை விட முக்கியம், என் டிராக் நாட்களின் எல்லையை முடிவு செய்வது பிரேக்கின் சூடுதான். பவர் கூடினால் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும். அந்தக் காசில் பேட், ஆயில், ஒரு ஜோடி டயர் வாங்கி, மிச்சத்தில் ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டலாம். பெட்ரோல் விஷயத்தில் மட்டும் டிராக் நாளில் 95 ஆக்டேன் போடுகிறேன். சூட்டில் டர்போ எஞ்சின் நாக் ஆகப் (பெட்ரோல் நேரம் தவறி எரியப்) பார்த்தால் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளி, பவரைக் குறைத்துக்கொள்ளும். ஆக்டேன் கூடினால் அந்தத் தேவை குறையும். ஆபீஸ் ஓட்டத்துக்குச் சாதாரண பெட்ரோலே போடுகிறேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

யாருக்கு வேண்டாம்? டிராக் மட்டுமே குறி, வீட்டில் வேறு கார் இருக்கிறது என்பவர்கள் ஒரு பழைய ஸ்விஃப்டோ போலோவோ எடுத்துத் தயார் செய்யுங்கள். பாதிக் காசில் இரண்டு மடங்கு சுற்று ஓட்டலாம், எடை குறைவு என்பதால் பிரேக்கும் டயரும் உழைக்கும். கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் பொருந்தும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், நேர்பாதை சின்னது, அங்கே எடை குறைந்த வண்டிதான் ராஜா.

என்னை மாதிரி ஒரே கார்க்காரர் என்றால் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள், ஆனால் ஷோரூம் பையன் காட்டும் காலி சர்வீஸ் ரோட்டோடு திரும்பிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றி, ஏசி போட்டு, நீங்கள் தினமும் போகும் ரோட்டில், நீங்கள் தினமும் மாட்டிக்கொள்ளும் லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். நாலாவது கியரில் விட்டு, இடைவெளி கிடைக்கும்போது மிதித்துப் பாருங்கள். திரும்பி வரும்போது பின் சீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பேச்சை நிறுத்தாமல் வந்திருந்தால் புக் செய்துவிடலாம்.